சமன் அளவு

முதல் அநீதி, எழுபத்து நான்காம் வருஷம்: ஆலை நிர்வாகம் அதிகாரிகளுக்கென்று கட்டிய தேகப்பயிற்சிக் கூடத்தில் தொழிலாளி கால் வைக்கக் கூடாதென்று வாசலில் கூர்க்காவை நிறுத்தியது. இரண்டாவது, எழுபத்தேழு: மாவட்ட ஆணழகன் போட்டியில் நடுவர் ஒருவர் வஜ்ரவேலுவைத் திருப்பி நிற்கவைத்து, மைக்கைக்கூட மூடாமல், "இது மூட்டை தூக்குற முதுகு, மெடல் வாங்குற முதுகு இல்ல" என்றது. மூன்றாவது, எண்பத்தொன்று: துண்டறிக்கை அச்சடித்ததற்காக இரண்டு மாதம் வேலையிலிருந்து நிறுத்தியது. நான்காவது, எண்பத்தைந்து: மாநிலப் போட்டியில் இருநூற்று முப்பது கிலோவைத் தரையிலிருந்து எடுத்து நிமிர்ந்து நின்ற பிறகும் நடுவர்களின் மூன்று விளக்கில் இரண்டு சிவப்பாக எரிந்து, தூக்கியது செல்லாதென்றது. ஐந்தாவது, எண்பத்தெட்டு, ஆயுத பூஜை: புருஷோத்தமன் சிரித்தது. இந்த வரிசையை வஜ்ரவேலு மாற்றியதில்லை. தெருமுனைக் கூட்டத்திலும், போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சிலும், மனைவி உயிரோடிருந்தபோது சோற்றுத் தட்டின் முன்னாலும் இதே வரிசையில்தான் சொல்லியிருக்கிறார். ஒழுங்கில்லாத கோபம் ஒப்பாரி என்று அவரே ஒரு துண்டறிக்கையில் எழுதியிருக்கிறார். ஐந்தாவதை மட்டும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அது மனசுக்குள் எண்ணும்போது தானாக வந்து நான்காவதின் பின்னால் நின்றுகொள்ளும். இப்போதும் சட்டைப் பொத்தானை மேலிருந்து கழற்றிக்கொண்டே வந்தவர், ஐந்தாவது பொத்தானில் விரல் சிக்கி நின்றார்.

"தலைவரே, கைகால் நடுங்குதா? வயசாயிடுச்சுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, விட்டுர்றோம்" என்றான் டில்லிபாபு. தேகப்பயிற்சிச் சங்கத்தின் பொருளாளர், முப்பத்தைந்து வயது, மார்க்கெட்டில் மீன் ஏலம் விடுகிறவன், எதைச் சொன்னாலும் ஏலம் கூறுகிற குரலில்தான் சொல்வான். "நடுங்குறது பொத்தான்டா, நான் இல்ல" என்றார் வஜ்ரவேலு. சிரித்தார்கள். கால்வாய்க் கரையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கூடத்தில் காலை எட்டரை மணிக்கே வெயில் கூரையைச் சுட்டுக்கொண்டிருந்தது. எடை தூக்கும் பார்களுக்கும் பிளேட்டுகளுக்கும் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். பொரி, கடலை, வாழைப்பழம், உடைத்த பூசணிக்காய். பூஜை நடக்கிற பத்து நிமிஷம் அவர் வழக்கம்போல வெளியே போய்க் கால்வாயைப் பார்த்து நின்றுவிட்டு வந்தார். சாமி வேண்டாம், கருவிக்கு மரியாதை வேண்டும் என்பது அவருக்கும் சங்கத்துக்கும் ஐம்பது வருஷமாக இருக்கிற ஒப்பந்தம். பூஜை முடிந்ததும் அளவு. அதுதான் இந்தச் சங்கத்தின் திருவிழா. கெண்டைக்கால், தொடை, முன்கை, மேற்கை, வலது இடது என்று நான்கு ஜோடி. இரண்டு பக்கத்துக்கும் இடையில் யாருக்கு வித்தியாசம் குறைவோ அவன் பெயர் சுவரில் மாட்டியிருக்கும் பலகையில் ஏறும். பெரிய உடம்புக்கு இல்லை, சமமான உடம்புக்கு. வேறெந்த ஜிம்மிலும் இப்படி ஒரு போட்டி கிடையாது. யோசனை அவருடையது. பலகையில் எழுத்து புருஷோத்தமனுடையது.

எழுத்து அவனுடையதுதான், அதை மறுக்க முடியாது. ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பெட்டிகளுக்கு எண் எழுதுகிற வேலை. ரூல்தடி வைக்காமல் கோடு போடுவான். எழுபத்தைந்தில் கூடத்தை ஆரம்பித்தபோது பிளேட் வாங்க வழியில்லை, ஆலையின் பழைய பல்சக்கரங்களைக் காயலான் கடையிலிருந்து தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள், வஜ்ரவேலு முன்னால் இழுக்க, புருஷோத்தமன் பின்னால் தள்ள, பாலத்து ஏற்றத்தில் வண்டி நின்றுவிட, "டேய் வஜ்ரம், இழுக்கறியா இல்ல பேசினே நிக்கிறியா?" என்று பின்னாலிருந்து கத்தியவன் அவன். ஒவ்வொரு சக்கரத்தையும் நிறுத்து வெள்ளைப் பெயின்டில் எடை எழுதினான், இருபத்திரண்டு, முப்பத்தொன்றரை, பத்தொன்பது, எதுவும் ஒன்றோடொன்று சேராத எடைகள். பாரில் மாட்டினால் ஒரு பக்கம் கனம், அந்தப் பக்கம் ஒரு செங்கல்லைக் கயிற்றில் கட்டிச் சமன் செய்வார்கள். அந்தச் செங்கல்லுக்கும் எடை எழுதினான். பெயின்ட் வாசனையும் எண்ணெய்ப் பிசுக்கும் இருபது பேரின் வேர்வையும் கலந்த அந்த வாசனை, இப்போது சந்தனத்துக்கு அடியிலிருந்து மெல்ல வருகிறதா, அல்லது அவர் மூக்குக்குள்ளேயே இத்தனை வருஷமாக இருக்கிறதா. சம்பளநாள் சாயங்காலம் ஆளுக்கு நாலு முட்டை. புருஷோத்தமன் மஞ்சள் கருவை எடுத்து அவர் தட்டில் வைப்பான். "எனக்கு ஒடம்புல வெட்டு தெரியணும், உனக்கு வெயிட் தெரியணும், நீயே துன்னு." எத்தனை மஞ்சள் கரு. ஆயிரம் இருக்குமா?

"மாமா, கால கொஞ்சம் அகட்டி நில்லுங்க." ஹேமாவதி முழங்கால் போட்டு உட்கார்ந்து கெண்டைக்காலில் டேப்பைச் சுற்றினாள். புருஷோத்தமனின் மகள். மூன்று வருஷமாகச் சங்கச் செயலாளர், பெண்கள் பிரிவில் அவளே நூற்று நாற்பது கிலோ எடுப்பவள். அப்பா போன மாசியில் இறந்தார், அவள் ஒரு வாரம்தான் கூடத்துக்கு வரவில்லை. அளவு எடுக்கும்போது அவள் ஒன்று செய்கிறாள், அது வஜ்ரவேலுவுக்கு ஆரம்பத்திலிருந்தே உறுத்துகிறது: டேப்பின் எண் தெரிகிற மாதிரி திருப்பி வைத்து, "டில்லி, வந்து பாரு" என்று கூப்பிடுகிறாள். அந்தக் காலத்தில் அப்படியில்லை. சாட்சிகள் இரண்டு பேர் கரும்பலகை அருகே நிற்பார்கள், டேப் பிடித்தவர் சொல்வார், அவர்கள் எழுதுவார்கள். தோழன் சொன்னால் தோழன் நம்புவான், எட்டிப் பார்ப்பது முதலாளி வீட்டுப் பழக்கம். அந்த விதியும் அவர் எழுதியதுதான். "வலது பதிமூன்றே கால், இடது பதிமூன்றே கால்" என்றாள். டில்லிபாபு குனிந்து பார்த்துவிட்டு, "கொக்குக் கால்னாலும் ரெண்டும் ஒரே கொக்கோடது தலைவரே" என்றான். தொடை, வலது பத்தொன்பதரை, இடது பத்தொன்பதே கால். கால் இஞ்ச் போனது. இன்னும் கால் இஞ்ச்தான் பாக்கி. அரை இஞ்சுக்கு மேல் போகக் கூடாது, அப்படித்தான் நோட்டீஸில் போட்டிருக்கிறார்.

அந்த நோட்டீஸ். போன மாதக் கூட்டத்தில் ஹேமாவதி சொன்னதுதான் ஆரம்பம். ஸ்குவாட், பெஞ்ச், டெட்லிஃப்ட் என்று கனம் தூக்குகிற மூன்றை மட்டும் செய்தால் தொடையும் மார்பும் முதுகும் வளரும், தோளின் பின்பக்கமும் கெண்டைக்காலும் பின்தங்கும், பக்கத்துக்குப் பக்கம் கோணும், அதனால் மற்ற பயிற்சியும் சேர்க்க வேண்டும், ஒரு கண்ணாடியும் மாட்ட வேண்டும் என்றாள். சொல்லியிருக்கலாம், அதோடு விட்டிருக்கலாம். "எங்கப்பா அப்பவே சொன்னாரு" என்று சேர்த்தாள். வஜ்ரவேலு எழுந்து வெளியே போய், மறுநாளே நூறு பிரதி அச்சடித்தார். கனம் தூக்குதல் உடலைச் சமனாக்கும், என் உடலே சாட்சி, வருகிற அளவு நாளன்று பொதுவில் அளக்கலாம், அரை இஞ்ச் தாண்டினால் எண்பத்தெட்டாம் வருஷத்துக்கு எதிரே பலகையில் இருக்கும் என் பெயரை நானே அழிக்கிறேன். கூடத்துக்கு வந்துபோகிற அச்சகத்துக்காரர் கேட்டார், "எண்பத்தெட்டு எதுக்கு சார்? உங்க பேரு எழுபத்தெட்டுலயும் இருக்கே." வாய் போன போக்கில் வந்த வருஷம் என்று அவரிடம் சொன்னார். வாய் போன போக்கில் எது வரும். பல் வலிக்கிறபோது நாக்கு அங்கேயேதான் போகும்.

கண்ணாடி கூடாதென்று எழுதியதும் அவர்தான். கண்ணாடி பார்ப்பவன் தன்னை விற்பனைக்கு வைக்கிறான். எழுபத்தாறில் அதைப் படித்துக் கைதட்டினார்கள், புருஷோத்தமனைத் தவிர. "அப்போ என் கைய நான் எப்படிடா பாக்கறது?" "நான் பாத்து சொல்றேன்." "நீயா? நீ என்னிக்கிடா அடுத்தவன் கைய பாத்த? உன் கையவே நீ பாத்ததில்ல." இரண்டு பேரும் கால்வாய்ச் சுவரில் உட்கார்ந்து இதையே பேசிக்கொண்டிருந்த சாயங்காலங்கள். புருஷோத்தமன் சொல்வான், "உன் ஒடம்பு முன்னாடி ஒரு செவுரு, பின்னாடி ஒரு செவுரு. கதவு, ஜன்னல் எதுவும் வெக்கல நீ." அவர் சொல்வார், "செவுரு நிக்கும். உன்னோட ஜன்னலெல்லாம் காத்தடிச்சா ஒடையும்." "ஒடையட்டும், அதுக்கு முன்னாடி வெளிச்சம் வருமில்ல?" பிறகு அந்தக் கைப்பிடி விஷயம். கனமான பாரைத் தரையிலிருந்து எடுக்கும்போது இரண்டு உள்ளங்கையும் தன்னைப் பார்த்திருந்தால் பார் விரலில் உருண்டு நழுவும். அதனால் ஒரு கையைத் திருப்பிப் பிடிப்பார்கள். வஜ்ரவேலு முதல் நாள் இடது கையைத் திருப்பிப் பிடித்தார். அதோடு சரி. "வாரத்துக்கு ஒருதரம் கைய மாத்திப் புடிடா, ஒரே பக்கம் முறுக்கிக்கும்" என்று புருஷோத்தமன் பத்து வருஷம் சொன்னான். "கைய மாத்தறது கட்சி மாத்தற மாதிரி" என்றார் இவர். எல்லோரும் சிரித்தார்கள். அதையே கூட்டத்திலும் சொன்னார், அங்கும் கைதட்டல். கைதட்டலுக்காகச் சொன்ன ஒரு வார்த்தையை முதுகெலும்பு முப்பது வருஷம் சுமந்தது. இப்போதெல்லாம் சட்டையை மாட்டும் கொக்கி சரியில்லை என்று நினைத்துக்கொள்கிறார், காலர் எப்போதும் ஒரு பக்கமே சரிகிறது. தையல்காரர் இரண்டு முறை தோளைப் பிரித்துத் தைத்துக் கொடுத்தார். கொக்கியாகத்தான் இருக்கும்.

"முன்கை, ரெண்டும் பத்தே முக்கால்" என்றாள் ஹேமாவதி. கூடத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. முப்பது பேர் இருப்பார்கள், பாதிப் பேர் அந்த நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்கள். மேற்கைதான் பாக்கி. அவள் எழுந்து வலப்பக்கம் வந்து நின்றாள். டேப் மேற்கையில் படும்போது குளிர்ந்தது, அதே குளிர்ச்சி, அந்த டேப் மஞ்சள், இது வெள்ளை, அப்போது பிடித்தது அவர், கை புருஷோத்தமனுடையது. எண்பத்தெட்டு. ஆலை பூட்டி ஏழு மாதம் ஆகியிருந்தது. வேலைநிறுத்தம் அவர் பேச்சில் தொடங்கியது, எப்படி முடிந்ததென்று அவர் எந்தத் துண்டறிக்கையிலும் எழுதவில்லை. நானூறு குடும்பம். காய்கறிக் கடையில் பெண்கள் அவரைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துக்கொண்டு திரும்பிப்போனார்கள். அந்த வருஷம் கூடத்தில் இரண்டு கட்சி, தூக்குகிறவர்கள் ஒன்று, அழகு பார்க்கிறவர்கள் ஒன்று, அவர்தான் பிரித்தார், பிரிப்பதற்கு அப்போது வேறொன்றும் மிச்சமில்லை. உழைக்கிறவனின் பயிற்சிதான் உடம்பை முழுசாக்கும் என்று மாதக்கணக்கில் பேசினார். ஆலையில் தோற்றவர் இங்கேயும் தோற்கக் கூடாது. அவருடைய வித்தியாசம் மொத்தம் அரை இஞ்ச். கடைசியாகப் புருஷோத்தமன் வந்து நின்றான். கெண்டைக்கால் சமம். தொடை சமம். முன்கை சமம். வலது மேற்கை பதினைந்து. இடது, டேப்பைச் சுற்றினார், எண்ணைப் பார்த்தார், பதினைந்து. நூல் பிசகாமல் பதினைந்து. ரூல்தடி வைக்காமல் கோடு போட்டவன் தன் உடம்பையும் அப்படியே எழுதியிருந்தான். அழகாக இருந்தது. அந்த ஒரு நொடி, பகையெல்லாம் போய், அடடா என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு வாய் சொன்னது, "இடது பதினாலே கால்." சாட்சி எழுதினான். முக்கால் இஞ்ச் வித்தியாசம்.

புருஷோத்தமன் குனிந்து தன் கையைப் பார்த்தான். டேப் இன்னும் அதில்தான் இருந்தது. எண் அவனுக்கு நேராகத்தான் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், "டேப்பைக் காட்டு" என்று. முப்பத்தாறு வருஷமாக வஜ்ரவேலு அந்த வார்த்தைக்காகக் காத்திருக்கிறார், பதில்கூடத் தயாராக வைத்திருந்தார், எகிறி அடிக்கலாம், தோழனைச் சந்தேகிக்கிறாயா என்று கேட்கலாம், ஒரு சண்டை, ஒரு மன்னிப்பு, ஏதாவது ஒன்று நடந்திருக்கும். அவன் நிமிர்ந்து இவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். கேலியில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவனைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி. "தலைவர் சொன்னா சரி" என்றான், அதுவரை டேய் வஜ்ரம்தான், அன்றைக்குத் தலைவர். சட்டையை மாட்டிக்கொண்டு போனவன் பிறகு கூடத்துக்கு வரவில்லை. மகளை மட்டும், அவளுக்குப் பன்னிரண்டு வயதானதும், அனுப்பினான். ஏன் அனுப்பினான்? அவளிடம் சொன்னானா? சொல்லியிருந்தால் அவள் கை இப்படிப் பதமாக டேப்பைச் சுற்றாது. சொல்லவில்லை. சாவு வீட்டில் அவன் கை போர்வைக்கு வெளியே கிடந்தது, இடது கை, எலும்பும் தோலும், அதைப் பார்த்துக்கொண்டே வாசலோடு திரும்பிவிட்டார். ஐந்தாவது அநீதி என்று அந்தச் சிரிப்பை எண்ணிக்கொண்டிருக்கிற வரையில் தான் சொன்ன பொய் கணக்கில் வராமல் இருந்தது.

"வலது பன்னிரண்டரை" என்றாள் ஹேமாவதி. "டில்லி, பாரு." டில்லிபாபு பார்த்தான். அவள் இடப்பக்கம் போனாள். வஜ்ரவேலுவுக்கு அந்தக் காலத்தில் வலதுதான் பெரிது, அரை இஞ்சும் அதில்தான். பாழாய்ப்போன வலது தோள் ஐந்து வருஷத்துக்கு முன்னால் தண்ணீர் லாரியில் பிளாஸ்டிக் குடம் வாங்கித் திரும்பும்போது பிசகிக்கொண்டது. இருநூற்று முப்பது கிலோவுக்கு அசையாத தோள், பன்னிரண்டு லிட்டருக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு அது இளைத்துக்கொண்டே வந்தது. டேப் இடது கையைச் சுற்றியது. அவர் குனிந்து பார்த்தார். கண்புரை எடுத்த கண், எண் தெளிவாகத் தெரிந்தது. பன்னிரண்டரை. "இடது பன்னிரண்டரை" என்றாள் அவள், இருந்ததை இருந்தபடி. டில்லிபாபு எட்டிப் பார்த்துவிட்டு இரண்டு கையையும் தூக்கினான். "மொத்தமே கால் இஞ்ச்! அறுபத்தொம்போது வயசு! நான் அரை இஞ்ச், நான் அவுட்டு! ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம், தலைவருக்கே!" கூடம் அதிர்ந்தது. யாரோ பொரியை அள்ளி அவர் தலையில் போட்டார்கள். ஜெயித்துவிட்டார். கூட்டிச் சமமாகவில்லை, குறைந்து சமமாகியிருக்கிறது, இடிந்த வீட்டில் இரண்டு பக்கமும் ஒரே உயரத்துக்கு இடிந்தால் அதற்கும் சமம் என்றுதான் பெயர். பரவாயில்லை. டேப் பொய் சொல்லவில்லை. ஹேமாவதி அவர் பின்னால் நின்று சட்டையை மாட்டிவிட்டாள். இரண்டு தோளிலும் கையை வைத்து ஒரு கணம் நிறுத்தினாள். "மாமா, ஒண்ணு சொல்லட்டுமா, வலது தோள் ரெண்டு விரக்கட எறங்கியிருக்கு. முதுகே ஒரு பக்கம் திரும்பி இருக்கு. இதுக்கெல்லாம் டேப்பு இல்ல." யாருக்கும் கேட்காத குரல். "வலிக்குதா?" என்றாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தவர், "ராத்திரில" என்றார்.

வழக்கப்படி அந்த வருஷம் ஜெயித்தவர் பலகையின் முன்னால் நின்று முதல் வருஷத்திலிருந்து எல்லாப் பெயரையும் சாட்சிகள் கேட்க வாசிக்க வேண்டும். கடைசியில் தன் பெயரைச் சொல்ல வேண்டும், அப்புறம்தான் பெயின்ட். இரண்டு சாட்சிகளும் வந்து பக்கத்துக்கு ஒருவராக நின்றார்கள், டில்லிபாபுவும், கார்ப்பரேஷன் பள்ளி வாத்தியார் எத்திராஜும். கூட்டம் அடங்கியது. வஜ்ரவேலு தொண்டையைச் செருமினார். எழுபத்தாறு, ஜி. தாவீது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன், அதிலேயே போனவன். எழுபத்தேழு, கே. மாசிலாமணி. இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி இல்லையென்றால் அழுவான். எழுபத்தெட்டு, எஸ். வஜ்ரவேலு. அது நிஜம். எழுபத்தொன்பது, எண்பது, எண்பத்தொன்று, மூன்று வருஷமும் ப. புருஷோத்தமன், தன் பெயரைத் தானே எழுதும்போது மற்றவர்கள் பெயரைவிடச் சின்னதாக எழுதியிருக்கிறான், இத்தனை வருஷம் இது எப்படிக் கண்ணில் படாமல் போனது. எண்பத்திரண்டு, நூர்தீன். எண்பத்து மூன்று, எண்பத்து நான்கு. பெயர்கள் ஒவ்வொன்றாக வாயிலிருந்து போக, ஒவ்வொருத்தனும் வேர்வையோடு வந்து பின்னால் நிற்பது போலிருந்தது. எண்பத்தேழோடு அந்த நேரான எழுத்து முடிகிறது. அதற்கு அடுத்த வரி கோணல், அது அவரே எழுதியது. எல்லோரும் ஜெயித்தவரைத்தான் பார்க்கிறார்கள், பலகையை அல்ல. எஸ். வஜ்ரவேலு என்று வாசித்துவிட்டு எண்பத்தொன்பதுக்குப் போய்விடலாம். யாருக்கும் தெரியாது, தெரிந்த ஒருவனும் போய்ச் சேர்ந்துவிட்டான். பந்தயத்திலும் ஜெயித்தாகிவிட்டது, அழிக்க வேண்டிய கட்டாயமில்லை. இனி யாரும் கேட்கப் போவதில்லை, இன்றைக்கும் இல்லை, என்றைக்கும் இல்லை, கேட்காமலே சொல்ல வேண்டியிருக்கிறது என்பதுதான் கஷ்டம். அவர் தோள் வலித்தது. நேராக நிற்கப் பார்த்தார், முடிந்தவரை நேராக.

"எண்பத்தெட்டு" என்றார். நிறுத்தினார். எத்திராஜ் வாத்தியார் மரியாதையாக, "உங்க பேருதான் தலைவரே, வாசிங்க" என்றார்.

"வாத்தியாரே, எழுதிக்குங்க. வலது மேற்கை பதினைந்து. இடது மேற்கை பதினைந்து. டேப்பு புடிச்சது நான். படிச்சது பொய்." ஹேமாவதியின் கையிலிருந்த டேப் தரையில் விழுந்து உருண்டது, யாரும் குனிந்து எடுக்கவில்லை. "தலைவரே..." என்று டில்லிபாபு ஆரம்பித்தான், ஏலக் குரல் எங்கோ போயிருந்தது. வஜ்ரவேலு கையைக் காட்டி அவனை நிறுத்தினார். தெருமுனைக் கூட்டத்தில் மைக் இல்லாத நாட்களில், கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமென்று அடிவயிற்றிலிருந்து எடுப்பாரே, அந்தக் குரலில் வாசித்தார்:

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு. ப. புருஷோத்தமன்."